செவ்வாய்க்கிழமை திறக்கும்

எல் சௌசால் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஊர்க் கால்பந்து கிளப் ஸ்போர்ட்டிவோ ஞாயிற்றுக்கிழமை தோற்றால், திங்கட்கிழமை யாருக்கும் டயர் பங்சர் ஆகக்கூடாது. பங்சர் என்ன ஆளைக் கேட்டுக்கொண்டா வரும்? வந்துவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு அனிபாலின் டயர் கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருக்கும். அதில் ஓர் அட்டை தொங்கும்: "துக்கம். செவ்வாய்க்கிழமை திறக்கும்." தட்டிப் பிரயோசனமில்லை. உள்ளேதான் இருப்பான், பேசமாட்டான். ஊர்த் தலைவரின் காரே ஒரு திங்கட்கிழமை முழுக்க அந்த ஷட்டர் முன்னால் நொண்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அனிபாலின் மனைவி அவனை விட்டுப் போனதும் ஒரு திங்கட்கிழமைதான். வாசல்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு போய், "போகாதே" என்று சொல்வானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாளாம். முந்தின நாள் ஸ்போர்ட்டிவோ மூன்று கோல் வாங்கியிருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

இப்படிப்பட்டவனோடு ஐம்பது வருஷமாக நட்பு வைத்திருந்த மூன்று பேரில் சுல்மாவும் ஒருத்தி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். மற்ற இருவர், பேக்கரி வைத்திருக்கும் எல்பாவும், வேலை என்று எதையும் வைத்துக்கொள்ளாத சாச்சோவும். நால்வரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், படித்தார்கள் என்று வாத்தியார்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சாயங்காலமானால் அனிபாலின் டயர் கடையில் கூடி, ஒரே மாத்தே குடுவையைக் கைமாற்றி, ஒரே குழலில் கசப்பை உறிஞ்சிக்கொண்டு, காற்றடிக்கும் கம்பிரஸர் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவார்கள். அதனால் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கும் 'கம்பிரஸர்' என்றே பெயர்.

சுல்மாவும் அனிபாலும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் வடக்கே நாட்டின் எல்லைவரை, லா கியாகாவரை போவதாகப் பேச்சு. பேச்சு என்றால் இருபது வருஷப் பேச்சு. முதலில் பிள்ளைகள் சின்னவர்கள் என்று தள்ளிப்போனது, அப்புறம் வறட்சி, அப்புறம் அனிபாலின் நுரையீரல். ரப்பர் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து அதை நார்நாராக்கிவிட்டன. கடைசியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிக்கொண்டு, பழைய லாரி டயர் ஒன்றின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து, சுல்மாவின் வண்டிக்கு அவனே புது டயர் மாட்டினான். மாட்டினான் என்பது மரியாதைக்கு. சாச்சோ மாட்டினான், அவன் திட்டினான்.

"இந்த வருஷம் நீ கெளம்புடி, ஒல்லிக்குச்சி" என்றான். சுல்மா ஒல்லியாக இருந்தது ஆறாம் வகுப்பில். அவனுக்கு மட்டும் அவள் இன்னும் ஆறாம் வகுப்பிலேயே இருந்தாள்.

"நீ இல்லாம நான் மட்டும் எதுக்குடா போகணும்? அங்க என்ன, என் மாமியார் வீடா இருக்கு?"

"போய் அந்த லா கியாகா போர்டுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கடையில மாட்டணும். போறேன் போறேன்னு ஊரெல்லாம் சொல்லி மானம் போகுது. நண்பர்கள் தினத்துக்குள்ள போயிடணும், சொல்லிட்டேன்."

"உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

"சொல்றேன்."

"செத்துப்போனா எப்படிடா சொல்லுவ?"

"சாச்சோ சொல்லுவான். அவன் வாயில எது நின்னிருக்கு?"

சுல்மா சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "மோசமாச்சுன்னா ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. எங்க இருந்தாலும் திரும்பி வந்துருவேன். மறைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"எது மேல?"

"உங்கம்மா மேல."

"அவ போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு. அவ மேல பண்ணி என்ன புண்ணியம்?" என்றவன் மூச்சை இழுத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய கிளப்பின் பச்சைக்கொடியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "ஸ்போர்ட்டிவோ மேல சத்தியம்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அனிபால் பாதிரியாரிடம் பொய் சொல்வான், வரி ஆபீஸில் பொய் சொல்வான், எடை பார்க்கும் நர்ஸிடம்கூடத் தன் எடையைப் பொய் சொல்வான். கிளப் மேல் சொல்லமாட்டான்.

போன் பேசுவது முடியாது, மூச்சு நிற்காது. அதனால் ஓர் ஏற்பாடு. சாயங்காலம் தங்குமிடம் போய்ச் சேர்ந்ததும் சுல்மா குழுவில் குரல்பதிவு போடவேண்டும். காலையில், குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவன் பதில் போடுவான். அப்படித்தான் அவள் கிளம்பினாள். பின்சீட்டில் கூடாரமும் வெந்நீர் பிளாஸ்க்கும், இடப்பக்கம் மலைத்தொடரும், எதிரே, அந்த நாட்டுக்கு நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்துக் குளிரும்.

அவன் பதிவுகள் தவறாமல் வந்தன. "எழுந்துட்டியாடி, சோம்பேறி? செயினுக்கு எண்ணெய் போட்டியா? போட்டிருக்கமாட்ட." "காத்து அடிச்சா வீரம் காட்டாத. ஓரமா நிறுத்திட்டு மாத்தே குடி." "உனக்கு முன்னாடி ஒரு லாரி போகுதா? போகட்டும். அவனுக்கு அவசரம். உனக்கென்ன, ஓய்வூதியம் வாங்கறவ." இடையிடையே இருமல். பின்னால் கம்பிரஸர் உறுமும்.

அவள் கேட்ட கேள்வி எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. சான் ஹுவான் பாதையில் நரி ஒன்று வண்டியோடு கூடவே ஓடிவந்ததைச் சொல்லி, "நீ நரி பாத்திருக்கியா அனிபால்?" என்று கேட்டாள். மறுநாள் பதிவில் பிரேக் ஷூ பற்றிப் பேசினான். அவளுக்குச் சந்தேகம் எழவில்லை. என்றைக்கு அவன் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கினான், இப்போது வாங்க?

சான் ஹுவான் ஊரைத் தாண்டியதும், பாலைவனத்தில் தாகத்தால் செத்து, வழிப்போக்கர்கள் தண்ணீர் வைத்துக் கும்பிடும் ஒரு புனிதவதியின் மேடையில் வண்டியை நிறுத்தினாள். தண்ணீர் பாட்டில்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன, வண்டிக்காரர்கள் கொண்டுவந்து போட்ட தேய்ந்த டயர்களும். சுல்மாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை. தன் பாட்டிலைத் திறந்து வைத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் குழுவில் சொன்னாள்: "டேய், உனக்காக அந்தம்மாவுக்குத் தண்ணி வெச்சேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ உயிரோட இருந்தா உன் கடையிலேர்ந்து ஒரு டயர் கொண்டாந்து போடறேன்னு வேண்டிக்கிட்டேன். புது டயர். உன் செலவு. சிரிக்காத."

சனிக்கிழமை காலைப் பதிவு வழக்கத்தைவிடத் தாமதமாக, மத்தியானத்துக்கு மேல் வந்தது. கையுறை நனையாமல் பார்த்துக்கொள் என்றது. 'பன்னி, ஒரு நன்றிகூட இல்லை' என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்போர்ட்டிவோவுக்கு வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் கீழ் டிவிஷன். சிலெசித்தோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறைச்சி வைத்த எம்பனாதாவைக் கடித்தபடி போனில் பார்த்தாள், இரண்டுக்குப் பூஜ்யம். போயிற்று. முப்பது வருஷம் கழித்துக் கீழே இறங்கியாயிற்று. சுல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் பதிவு எதுவும் போடவில்லை. இழவு வீட்டில் போய் நரிக்கதை சொல்வார்களா? நாளைக்கு அவனிடமிருந்தும் ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை விடுதி முற்றத்தில் உட்கார்ந்து மாத்தேயில் முதல் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது.

"எழுந்துட்டியாடி, ஒல்லிக்குச்சி? என்ன அருமையான நாள்! இங்க வெயில் பளபளன்னு அடிக்குது. செயினைப் பாரு, கொஞ்சம் தொங்கும். அதிகமா முறுக்காத, ரெண்டு விரல் அளவுக்கு ஆட்டம் இருக்கணும்." அப்புறம் ஒரு சிரிப்பு, இருமல், கம்பிரஸர்.

அவள் இன்னொரு முறை கேட்டாள். குரல் அவனுடையதுதான். இருமலும் அவனுடையதுதான். ஆனால் தோற்ற திங்கட்கிழமை "அருமையான நாள்" என்று சொல்லும் அனிபால் உலகத்தில் கிடையாது. கீழ் டிவிஷனுக்குப் போன திங்கட்கிழமை அவன் வாயைத் திறக்கவேண்டுமென்றால் அந்த ஆட்டம் நடந்ததே அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அவனுக்குத் தெரியாமல் ஸ்போர்ட்டிவோ ஓர் ஆட்டம் ஆடவேண்டுமென்றால்...

மாத்தே கையிலேயே ஆறிப்போனது. இந்தப் பதிவுகள் எல்லாம் முன்னாலேயே பேசிச் சேர்த்து வைத்தவை. அனுப்புவது சாச்சோ. நேற்று ஆட்டம் என்ன ஆனது என்று சாச்சோவுக்கும் தெரியவில்லை, எல்பாவுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்போர்ட்டிவோ என்ன ஆனது என்றுகூடப் பார்க்காமல் அந்த இரண்டு பேரும் எங்கே இருந்திருப்பார்கள்? அவள் குடுவையைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, விடுதிக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அழுதாள்.

உறுதி செய்துகொள்ள வழி இருந்தது. ஊர் எஃப்.எம்மில் மத்தியானம் சாவுச் செய்தி வாசிப்பார்கள், போனிலேயே கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தீர்ந்தது. மூட்டையைக் கட்டி வண்டியை எடுத்தாள். நெடுஞ்சாலை முனையில் வலது பக்கம் திரும்பினால் தெற்கு, வீடு. இடது பக்கம் வடக்கு. என்ஜினை அணைக்காமல் அங்கேயே நின்றாள். வீட்டுக்குப் போனால் மண் மேடு இருக்கும். வடக்கே போனால் நாளைக் காலையிலும் அவன் "சோம்பேறி" என்பான். அவள் இடது பக்கம் திரும்பினாள்.

கோபம் இல்லாமல் இல்லை. சாச்சோவின் கழுத்தைத் திருகவேண்டும்போல் இருந்தது. எல்பாவின் கழுத்தையும். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை கேட்டிருந்தாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெலன் ஊரில் இருந்து வேண்டுமென்றே கேட்டாள்: "அனிபால், ஸ்போர்ட்டிவோ என்னடா ஆச்சு? சொல்லவே இல்லையே." மறுநாள் அவன் வெந்நீர் கொதிக்கக்கூடாது என்று மாத்தே பாடம் நடத்தினான். பின்னாலேயே எல்பா எழுதினாள்: "அவன்கிட்ட மேட்ச் பத்திக் கேக்காத சுல்மா. மனசு ஒடிஞ்சு கெடக்கான்." அதைப் படித்தபோது சுல்மாவுக்கு எல்பாவின் வீங்கிய கண்கள் அப்படியே தெரிந்தன. பள்ளிக்கூடத்திலும் எல்பா பொய் சொன்னால் வாத்தியாருக்கு முன்னால் அவளே அழுதுவிடுவாள். அதற்குப் பிறகு சுல்மா எதுவும் கேட்கவில்லை. சாயங்காலமானால் வழக்கம்போல, கஃபாயாத்தே திராட்சைத் தோட்டம், லாமா மந்தை, குளிரில் விறைத்த விரல், எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னாள். காலையில் அவன் வேறெதையோ சொன்னான். இத்தனை வருஷமும் அப்படித்தானே பேசிக்கொண்டார்கள்.

ஆனால் பாதை முடிகிற ஒன்று. மேல் கணவாய்களில் பனி கிடந்ததால் கீழ்ப் பாதையில் ஊமாவாக்கா வழியாக ஏறினாள். ஏற ஏற வண்டியை மெதுவாக்கினாள். ஒரு நாள் தங்கவேண்டிய இடத்தில் மூன்று நாள் தங்கினாள். லா கியாகா போய்ச் சேர்ந்தபிறகு அவன் என்ன பேசிவைத்திருப்பான்? "வந்துட்டியா" என்பான். அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

கடைசி ஊர் அப்ரா பாம்பா. அங்கிருந்து லா கியாகா ஒரு மணி நேரம். தோன்யா ஃபெலிசா என்பவளுடைய விடுதியில் அறை எடுத்தவள் நகரவே இல்லை. காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபெலிசா அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்த உயரத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை, மூச்சு மிச்சம் வேண்டும். இருந்தாலும் ஒரு நாள் சூப் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வண்டி ரிப்பேரா அம்மா?"

"இல்லீங்க, நல்லா இருக்கு."

"லா கியாகா போறதாத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"பக்கத்துலதானே இருக்கு. ரோடும் நல்ல ரோடு."

"அங்க போனா ஒருத்தன் செத்துருவான்" என்றாள் சுல்மா.

"அப்ப இருங்க" என்று சொல்லிவிட்டு, ஃபெலிசா சூப்பில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

நண்பர்கள் தினம் திங்கட்கிழமையில் வந்தது. காலையிலிருந்தே நாடு முழுக்க எல்லாரும் எல்லாருக்கும் போன் செய்துகொண்டிருந்தார்கள். விடுதியில் தங்கியிருந்த லாரி டிரைவர் ஒருவன் வாசலில் நின்று யாரிடமோ "உன்னை மாதிரி ஒரு திருடன் எனக்கு நண்பனா வாய்க்கணுமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல் சௌசாலிலும் வருஷாவருஷம் இந்த நாளில் நால்வரும் கடை முன்னால் பழைய லாரி ரிம்மில் நெருப்புப் போட்டு இறைச்சி சுடுவார்கள். சுல்மா போனை மேஜைமேல் வைத்துக் காத்திருந்தாள். சிணுங்கியது.

"எழுந்துட்டியாடி, சோம்பேறி? உனக்கு முன்னாடி ஒரு லாரி போகுதா? போகட்டும். அவனுக்கு அவசரம். உனக்கென்ன, ஓய்வூதியம் வாங்கறவ."

அவள் முடியும்வரை கேட்டாள். இது பழசு. இதே லாரி, இதே ஓய்வூதியம், இருமல் விழும் இடம்கூட அதுவேதான். அவனுடைய சேமிப்பு தீர்ந்துவிட்டது. அவள் நாளைக் கடத்துவாள் என்று அவன் கணக்குப் போட்டிருக்கவில்லை. அங்கே சாச்சோ இருக்கிறதிலேயே ஒன்றைப் பொறுக்கி, அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று நம்பி அனுப்பியிருக்கிறான். ஒவ்வொன்றையும் அவள் எத்தனை தடவை கேட்டாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சுல்மா பொத்தானை அழுத்திப் பேசினாள். "சாச்சோ, இதை நீ சான் ஹுவானுக்கு முன்னாடியே அனுப்பிட்ட. பரவாயில்ல. நாளைக்கும் இதையே அனுப்பு."

'எல்பா எழுதுகிறாள்' என்று வந்தது, மறைந்தது, வந்தது, மறைந்தது. பிறகு போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"எப்படி எல்பா?" என்றாள் சுல்மா.

"சனிக்கிழமை விடியக்காலையில. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்தோம். கஷ்டப்படல... கொஞ்சம்தான் பட்டான்."

"ஒரு வார்த்தைடி. ஒரு வார்த்தைதானே கேட்டேன்."

"அவன் விடலடி. 'சொன்னா அவ ராத்திரியோட ராத்திரியா கெளம்பிருவா, அழுதுக்கிட்டே பனியில ஓட்டுவா, உங்களுக்கு ரெண்டு குழி தோண்ட வேண்டி வரும்'னான். சத்தியம் வாங்கிட்டான்."

"எது மேல?"

"ஸ்போர்ட்டிவோ மேல."

"என்கிட்டயும் அது மேலதாண்டி பண்ணினான்! சொல்லுவேன்னு!"

"அய்யோ பாவி" என்றாள் எல்பா. பின்னாலிருந்து சாச்சோவின் குரல் கேட்டது, "அதான் கீழ போச்சு. பொய்ச் சத்தியம் தாங்குமா அந்தக் கிளப்பு? எப்பவும் டிஃபென்ஸ் வீக்கு." மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு யாருக்கும் சிரிப்பாக முடியவில்லை.

"ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருந்தது சுல்மா" என்று எல்பா மூக்கைச் சிந்தினாள். "எஃப்.எம்ல வாசிக்க வேண்டாம்னோம். யாரும் படம் போடல. எல்லாம் சரியாத்தானே பண்ணினோம்? எதுல கண்டுபிடிச்ச?"

"தோத்த திங்கட்கிழமை அவனைப் பேச வெச்சீங்களேடி."

பிறகு சாச்சோ போனை வாங்கினான். "நாங்க மேட்சையே மறந்துட்டோம். அவனைப் புதைச்ச அன்னிக்கு அவன் கிளப் ஆடுதுங்கறதையே மறந்துட்டோம் சுல்மா. அவன் இருந்திருந்தா எங்களைக் கொன்னுருப்பான்."

"கொன்னுருப்பான்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். நீ அந்தம்மாவுக்குத் தண்ணி வெச்ச பதிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவன் காதுகிட்ட வெச்சேன். 'புது டயர், உன் செலவு'ன்னியே. சிரிச்சான். 'சிரிக்காதன்னா சிரிக்கணும்னு அர்த்தம்'னான். அதுக்கப்புறம் அவன் எதையும் கேக்கல."

சுல்மா ஜன்னலைப் பார்த்தாள். ஃபெலிசா வெளியே காற்றில் துணி காயப்போடப் போராடிக்கொண்டிருந்தாள். அவனோடு கடைசியாகப் பேசியவள் தான்தான் என்பது அவளுக்குள் மெல்ல இறங்கியது. வழியில் ஏதோ ஒரு விடுதிக் கட்டிலில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டு, விளையாட்டாகச் சொன்னது. விடைபெறுவது என்று தெரிந்திருந்தால் வேறு என்னவோ சொல்லியிருப்பாள். அவன் அதற்குச் சிரித்திருக்கவும் மாட்டான்.

"மிச்சம் ஏதாவது இருக்கா சாச்சோ?"

"ஒண்ணே ஒண்ணு. லா கியாகாவுக்குன்னு தனியா. நாங்க கேக்கல. கேக்கக் கூடாதுன்னான்."

"சரி" என்றாள். "கெளம்பறேன். ரிம்ல நெருப்பு போடுங்க."

ஒரு மணி நேர ரோடு. நல்ல ரோடுதான், ஃபெலிசா பொய் சொல்லவில்லை. எதிர்க்காற்று அடித்தபோது அவள் வீரம் காட்டவில்லை, ஓரமாக நிறுத்தினாள். லாரி முந்தியபோது போகவிட்டாள். அழுகை வந்தபோதும் நிறுத்தினாள், பலமுறை நிறுத்தினாள். இரண்டு குழி தோண்டவைப்பதில்லை என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

போர்டு ஒரு சாதாரண போர்டு. நாட்டின் தென்கோடி இங்கிருந்து எத்தனை தூரம் என்று அதில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் பாலம், பாலத்துக்கு அப்பால் வேறு நாடு. வழியில் போன ஒருத்தரைப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னாள். மூக்கு சிவந்து, கண் வீங்கி, தலைமயிர் ஹெல்மெட்டில் நசுங்கி, அழகாகவே இல்லை. குழுவில் போட்டாள். பிறகு பேசினாள்.

"டேய் அனிபால். வந்துட்டேன். பிரமாதமா ஒண்ணும் இல்ல, சொன்னா நம்பு. இருபது வருஷம் இதுக்கா துள்ளினோம்? ஒரு போர்டு, ஒரு நாய். டயர் நல்லா இருக்கு, ஒரு பங்சர்கூட இல்ல. உன்மேல எனக்குக் கோபம். ரொம்பக் கோபம். நீ இல்லாம நான் எப்படிடா அந்தக் கடைப்பக்கம் போவேன்? டயர் கொண்டாந்து போடமாட்டேன். நீதான் உயிரோட இல்லையே, வேண்டுதல் செல்லாது." கொஞ்ச நேரம் காற்று மட்டும் பதிவானது. "போட்டாலும் போடுவேன். பாக்கலாம்."

சாச்சோ உடனே எழுதினான்: "அந்தக் கடைசியை அனுப்பட்டா?"

அவள் போர்டின் காலடியில், நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கில் வெந்நீர் இன்னும் சூடாக இருந்தது.

"இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டாள்.

"திங்கள்."

"ஸ்போர்ட்டிவோ கடைசியா ஆடின ஆட்டம்?"

"தோத்துச்சு" என்றான் சாச்சோ.

"அப்ப அவன் பேசமாட்டான். அன்னிக்கு அவனுக்கு ஒரு திங்கட்கிழமையைக் கெடுத்தீங்க. இன்னிக்காவது விடுங்க. நாளைக்கு அனுப்பு."

அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை 'கம்பிரஸர்' குழுவில் யாரும் பேசவில்லை. ஒரே ஒரு முறை சிணுங்கியது. எல்பா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கடை வாசலில் ரிம்மில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஸ்டூலில் ஆள் இல்லை. பின்னால் ஷட்டர் இறங்கியிருந்தது. அவனைப் புதைத்த அன்று சாச்சோ மாட்டிய அட்டை இன்னும் அதில் தொங்கியது. கழற்ற யாருக்கும் மனசு வந்திருக்கவில்லை. சுல்மா படத்தைப் பெரிதாக்கினாள். எண்ணெய்க் கறை படிந்த அட்டையில் அனிபாலின் கோணல் எழுத்து. துக்கம். செவ்வாய்க்கிழமை திறக்கும்.